வடக்குக் கட்டுக்குப் பூட்டு

விடுதிச் செயலாளர் தனுஷ்கோடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரென்றால் ஒரு யோசனை பிறக்கப்போகிறது என்று அர்த்தம். குழுக் கூட்டத்தில் வார்டன் மருதுபாண்டி நாற்காலியில் நெளிந்தார். போன யோசனையே இன்னும் செரித்தபாடில்லை.

ராமநாதபுரத்தில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கென்று நடந்த அந்த விடுதியில் வடக்குக் கட்டு, தெற்குக் கட்டு என்று இரண்டு பகுதி, அறுபது கட்டில். ஐம்பத்தெட்டாம் வருஷம் அதில் படுத்திருந்தவர்கள் முப்பது பேர். அடுத்த வருஷமும் வரும்படி ஏறாவிட்டால் வார்டன் வேலையையே எடுத்துவிடுவதென்று நிர்வாகக் குழு முடிவு கட்டியிருந்தது. வேலையோடு வாசலை ஒட்டிய இரண்டு அறை வீடும் போகும். "எங்க அய்யா வீட்டுக்குப் போய் எத்தனை நாள் உக்காந்திருக்கிறது?" என்று மனைவி பூமயில் காலையிலேயே கேட்டுவிட்டாள்.

தனுஷ்கோடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ராமேஸ்வரத்துல நான் யாத்ரிகர் விடுதி நடத்துறது எல்லாருக்கும் தெரியும். அஞ்சே ரூம். ஒருநாளும் காலி கிடையாது. பின்சந்துல ஒருத்தன் இருபது ரூம் கட்டிட்டு ஈ ஓட்டுறான். என்ன காரணம்? கொஞ்சமா இருந்தா கிராக்கி! அதனால நம்ம வடக்குக் கட்டைப் பூட்டிருவோம். முப்பது கட்டிலு, முப்பது பையன். விடுதி ஃபுல்! அப்புறம் மாசம் இருபது ரூவாயை இருபத்தாறாக்குவோம். வெளிய தங்கியிருக்கவன்லாம் இடம் கெடைக்குமான்னு வாசல்ல வந்து நிப்பான்."

குழுவில் நாலு தலைகள் ஆடின. தனுஷ்கோடி இருமினாலும் ஆடுகிற தலைகள் அவை.

"இப்பவும் முப்பது பேரு, பூட்டினாலும் அதே முப்பது பேருதானே அண்ணாச்சி?" என்றார் மருதுபாண்டி.

"இப்பப் பாதி காலி. அப்ப முழுசா நெறஞ்சிருக்கும். படிச்சவருக்கு இதுகூடவா வெளங்கல?"

கீழக்கரை சங்கு வியாபாரி பாக்கர்தான் தலைவர். அவர் வார்டன் பக்கம் திரும்பினார். "பையன்க ஏன் வெளிய போறாங்க? அதச் சொல்லும்."

"ஊருக்குள்ள மலிவு. வேற என்ன?" தனுஷ்கோடி முந்திக்கொண்டார்.

"ராமலெட்சுமியக்கா வீட்டுலதான் முக்காவாசிப் பேரு இருக்காங்க," என்றார் மருதுபாண்டி. " சாப்பாடும் சேத்து இருபத்தி நாலு வாங்குறாக. நம்மளவிட நாலு ரூவா கூட."

தனுஷ்கோடி ஒரு நொடி திகைத்தார். ஒரே நொடிதான். "அப்படிப் போடும்! இருபத்தி நாலு குடுக்கிறவன் இருபத்தாறு குடுக்க மாட்டானா?"

இந்த மனிதரிடம் எந்த உண்மையைக் கொடுத்தாலும் அதைத் தன் யோசனைக்கே முட்டாக்கிவிடுவார் என்பது மருதுபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் வீடு போகிற விஷயம். விடவில்லை.

"வாடகைக்காக ஒருத்தனும் போகல அண்ணாச்சி. ராமேஸ்வரத்துல இருந்து உங்க சமையல்காரரைக் கூட்டியாந்தீங்க. தர்ப்பணம் பண்ண வாரவுகளுக்குப் போடுற சாப்பாடு ஒண்ணுதான் அவருக்குத் தெரியும். வெங்காயம் கெடையாது, பூண்டு கெடையாது. வாழைக்காயும் பாசிப்பருப்பும் ரெண்டு வருசமாத் தினமும்! பிள்ளையப் பாக்க வார தாய் இலையப் பாக்குறா. 'அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எம் மகனுக்குத் திதிச் சோறா?'ன்னு அங்கனயே பெட்டியத் தூக்கிருறா."

பாக்கர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"எங்க விடுதியில எந்த யாத்ரிகனும் குறை சொன்னதில்ல," என்றார் தனுஷ்கோடி.

"அவன் ஒருவேளை தின்னுட்டு ரயிலேறிருவான். பையன் பத்து மாசம் திங்கணும். உங்க விடுதி கடலுக்கு எதிர்த்தாப்புல இருக்கு. ஈரத்துணியோட வாரவன் முதல்ல தெரியுற வாசல்ல நுழையுறான். ரூமை எண்ணிப் பாத்துட்டா நுழையுறான்?"

"அதிகப் பேச்சு," என்றது ஒரு தலை. யோசனை நிறைவேறியது. தலைவர் ஒருவர் என்ன செய்வார்?

ஆனியில் வடக்குக் கட்டுக்குப் பூட்டு விழுந்தது. கட்டணம் ஏறியது. பதினோரு பையன்கள் பெட்டி கட்டினார்கள். "பழைய கூட்டம் கழியுது, புதுக் கூட்டம் வரும்" என்றார் தனுஷ்கோடி. வந்தது. விடுதிக்கு அல்ல, ராமலெட்சுமி வீட்டுக்கு. மாட்டுக்கொட்டகை வரைக்கும் பையன்கள் பாய் விரித்தார்கள். இடம் போதாமல் அந்த அம்மாள் நேரே பாக்கரிடம் போய், பூட்டிக்கிடக்கிற கட்டை வாடகைக்குக் கேட்டாள். சும்மா கிடக்கிற கட்டுக்கு வாடகையென்றதும் எல்லாத் தலைகளும் ஆடின.

வடக்குக் கட்டில் சூடைமீன் குழம்பு கொதித்தது. அதன் வாசனைக்கு ஒரு கட்டு, இன்னொரு கட்டு என்று தெரியுமா? பொங்கலுக்குள் தெற்கில் மிஞ்சியவர்கள் ஐந்தே பேர். ஐந்தும் தனுஷ்கோடியின் அண்ணன் பேரன்மார். ஓடினால் தாத்தா அடிப்பார்.

வருஷக் கடைசியில் குழு கூடியது. ராமலெட்சுமி கொடுத்த வாடகையாலும், கட்டணத்தையும் மிஞ்சிக்கொண்டிருந்த முப்பது பேர் சோற்றுச் செலவு ஐந்து பேருக்குச் சுருங்கியதாலும் கையிருப்பு கூடியிருந்தது.

"பூட்டச் சொன்னேன், பூட்டினோம், ஏறிருச்சு!" தனுஷ்கோடி மேசையைத் தட்டினார். "பாதியப் பூட்டினதுக்கே இவ்வளவுன்னா முழுசாப் பூட்டினா எவ்வளவு? தெற்கையும் பூட்டுவோம். ஆளில்லாத விடுதிக்கு வார்டன் எதுக்கு?"

வரும்படி ஏறாவிட்டால் போவதாக இருந்த வேலை, ஏறியதால் போயிற்று. பேசினால் அதுவும் ஒரு முட்டாகி அந்த யோசனையைத் தாங்கி நிற்கும். மருதுபாண்டி எழுந்து வந்துவிட்டார்.

முற்றத்தில் ராமலெட்சுமி கரண்டியும் கையுமாக நின்றாள். "சேதி காதுல விழுந்துச்சு தம்பி. நாப்பத்தஞ்சு குரங்குகள ஒத்தையில என்னால மேய்க்க முடியல. வடக்குக் கட்டு முன்னறை ரெண்டும் காலியா இருக்கு. பூமயிலக் கூட்டிட்டு வந்துரும். அங்கன வாங்குன சம்பளம் இங்கனயும் உண்டு."

"எப்ப வரட்டும்க்கா?"

"குழம்பு ஆறுறதுக்குள்ள வாரும்."

சாயங்காலம் அவர் கட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு முற்றத்தைக் கடக்கும்போது, பாக்கரும் தனுஷ்கோடியும் வெளியே வந்தார்கள்.

"பாத்தீங்களா முதலாளி!" தனுஷ்கோடி பூரித்துப்போனார். "தெற்கப் பூட்டுறோம்னு இப்பத்தான் சொன்னோம். அதுக்குள்ள வடக்குல ஆளு கூடுது!"

"அண்ணாச்சி," என்றார் மருதுபாண்டி கட்டிலுக்கு அடியிலிருந்து, "அந்தப் பக்கம் ஒரு காலைப் பிடிங்க. வாசப்படி இடிக்குது."

தனுஷ்கோடி சந்தோஷமாகப் பிடித்தார்.