சீழ் பிடிக்காத புண்

மரகதத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. தம்பி சீனுவுக்கு ரத்தப் புற்றுநோய். போன வாரம்தான் கீமோ ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பார்த்துவிட்டு வரலாமென்று ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து ஹெப்பகோடி வந்தால், தம்பி பெண்டாட்டி பாமா வாசலிலேயே மாஸ்க்கை நீட்டுகிறாள்! ஆசையாகச் செய்துகொண்டு வந்த பச்சை வெள்ளரிக்காயும் ஊறின பருப்பும் கலந்த கோசம்பரி ஓரமாகப் போய்விட்டது. பச்சையாக எதுவும் தரக் கூடாதாம். தம்பியைத் தொடக் கூடாதாம். கதவருகே நின்றுதான் பேச வேண்டுமாம்.

"அவருக்கு நியூட்ரோஃபில் சுத்தமா இல்ல அண்ணி. கிருமியோட சண்ட போடுற வெள்ளை அணு அது. திரும்ப ஏறுற வரைக்கும்தான் இதெல்லாம்" என்றாள் பாமா.

யார் காதில் பூச்சுற்றுகிறாள்? கூடப்பிறந்தவள் தொட்டால் ஒட்டுகிற கிருமி, இவள் தொட்டால் மட்டும் ஒட்டாதா? கல்யாணமான நாளிலிருந்தே தம்பியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பவள். இப்போது நோயைச் சாக்குச் சொல்லி உறவையே அறுக்கப் பார்க்கிறாள்.

பாமா மருந்து வாங்கக் கிளம்பியதுதான் தாமதம், மரகதம் அறைக்குள் நுழைந்துவிட்டாள். சீனு போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். குதிகாலில் செருப்பு கடித்த புண். குனிந்து பார்த்தாள். வீக்கமில்லை, சிவப்பில்லை, ஒரு பொட்டுச் சீழ் இல்லை.

"எவ்ளோ சுத்தமா இருக்குது பாரு! உனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லடா. அவதான் உன்ன நோயாளியாக்கி வெச்சிருக்கா."

"லேசா குளுருதுக்கா. அவகிட்ட சொல்லாத. தெர்மாமீட்டர் கொஞ்சம் ஏறுனாலே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவா."

தொட்டுப் பார்த்தால் அவன் நெற்றி சுட்டது. அதானே! இதையே சாக்காக வைத்து மறுபடி கொண்டுபோய் அடைத்துவிடுவாள். அப்புறம் தம்பி முகத்தைக்கூடப் பார்க்க விட மாட்டாள். மரகதம் கைப்பையிலிருந்து காய்ச்சல் மாத்திரையை எடுத்தாள்.

"முழுங்குடா. அவ என்னத்த கண்டுபுடிக்கிறான்னு பாக்கலாம்."

பாமா திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்ததும் வராததுமாகத் தெர்மாமீட்டர் வைத்தாள். நார்மல். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அதான் கால் புண்ணுலகூட சீழ் இல்லயே, நானே பாத்தேன்" என்று மரகதம் குத்தலாகச் சொன்னாள்.

பாமா சண்டைக்கு வரவில்லை. பதறிப்போய்ப் போர்வையை விலக்கினாள்.

"ஐயோ, இது எப்பலருந்து? சீழ் வராது அண்ணி. அந்த நியூட்ரோஃபில் கிருமியோட சண்ட போட்டுச் செத்துக் குமியறதுதானே சீழு? அதுதான் இவருக்கு இல்லயே! உள்ள கிருமி எவ்ளோ பரவுனாலும் வெளிய தெரியாது. காய்ச்சல் ஒண்ணுதான் நமக்குச் சொல்லும். அது வந்தா உடனே ஊசி போட்டாகணும், இல்லாட்டி ஆளே மிஞ்ச மாட்டாருன்னு டாக்டர் சொன்னாரு." நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "நல்லவேள, காய்ச்சல் இல்ல."

மரகதம் தம்பியைப் பார்த்தாள். சீனு அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. சொன்னால் இந்த ஜென்மத்துக்கும் பாமாவின் வாசற்படி மிதிக்க முடியாது.

"பாமா, ஆட்டோ கூப்புடும்மா" என்றாள். "காய்ச்சல் இருக்குது. நாந்தான் மாத்திர குடுத்து அமுக்கிட்டேன்."