பிரின்சிபாலின் முதுகு

பிரின்சிபால் ஹார்லன் வீக்ஸுக்கு எங்கள் பள்ளித் தோட்டத்தைக் கண்டாலே ஆகாது. அதை மூடிக் கார் நிறுத்துமிடமாக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். ஒரு பட்டாம்பூச்சியாவது வந்தா தோட்டம் இருக்கட்டும். இல்லேன்னா மூடிடுவேன்" என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

நானும் என் நாலாம் வகுப்புப் பிள்ளைகளும் முதுகு ஒடிய நட்ட செடிகள். பூ என்னவோ கொத்துக் கொத்தாய்த்தான் பூத்தது. ஆனால் ஒரு பூச்சி எட்டிப் பார்த்திருக்க வேண்டுமே! அதுகளுக்கு என்ன கேடோ.

துப்புரவு வேலை பார்க்கும் ஆர்வில்தான் வழி சொன்னார். "பூவை நம்பி உக்காந்திருக்காதீங்க டீச்சர். அழுகின வாழைப்பழம், பழுப்புச் சர்க்கரை, கொஞ்சம் பழைய பியர். மூணு நாள் வெயில்ல வச்சு மரத்துல பூசுங்க. மொய்க்கும் பாருங்க."

"பள்ளிக்கூடத்துல பியரா? என் வேலை போயிடும்யா!"

"பியருக்குப் பேர்போன நம்ம விஸ்கான்சின்ல பட்டாம்பூச்சி பின்ன எலுமிச்சை ஜூஸா குடிக்கும்?"

வெள்ளிக்கிழமை காலையில் யாரும் வருமுன் அந்தக் கலவையைத் தோட்டத்து ஓர மேப்பிள் மரத்தில் பூசிவிட்டேன். ஒன்பது மணிக்குக் காப்பிக் கோப்பையோடு வந்த மனிதர், இருக்கிற இடமெல்லாம் விட்டுவிட்டு அந்த மரத்திலேயா போய்ச் சாய வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, தோட்டத்துக்குள் நடந்தார். "எங்கே, ஒண்ணையும் காணோமே?"

கறுப்புச் சிறகில் சிவப்புப் பட்டை போட்ட பட்டாம்பூச்சிகள் பத்துப் பன்னிரண்டு அவர் கோட்டின் முதுகில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"உங்க முதுகுல சார்!" என்று ஒருத்தி கத்தியே விட்டாள்.

கோட்டைக் கழற்றி முகர்ந்தவருக்கு முகம் சிவந்தது. என் பக்கம் வந்து பல்லைக் கடித்தார். "இது பியர்! உங்களை..."

அதற்குள் பள்ளி வாரியத் தலைவி கிரேட்டா லிண்டால் வந்து நின்றார். மூக்கைச் சுருக்கினார். "என்ன ஹார்லன், காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?"

பியர் என்று சொன்னால் என் தலை மட்டுமல்ல, பள்ளிக்குப் பொறுப்பான அவர் தலையும் உருளும். வீக்ஸ் அசடு வழிந்தார்.

"அய்யய்யோ, வெறும் அழுகின வாழைப்பழம்மா. பட்டாம்பூச்சிக்கு. என் யோசனைதான்!"

"அட! அப்போ இதை மூடணும்னு நீங்க எழுதிக் குடுத்தது?"

"நல்லா இருக்கே! இவ்வளவு பட்டாம்பூச்சி வர்ற தோட்டத்தை யாராச்சும் மூடுவாங்களா?" என்றார் வீக்ஸ், என் முகத்தைப் பார்க்காமலே.