பறியில் பதிந்த பல்

மழை இரண்டு வருஷமாக ஏமாற்றிவிட்ட காலம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கோட்டை எழும்பி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏரிக்கு அக்கரையிலிருந்து தோணியில் வந்து இறங்கிய அங்காளம்மாள், மகள் முத்தம்மாளைத் தேடிக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தாள். விற்க ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடு அவள் அந்த ஊருக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

மூன்று நாளைக்கு முன்னால் முத்தம்மாள் இறாலோடு இங்கே புறப்பட்டு வந்தாள். இறாலைக் கொடுத்து அரிசி வாங்கி வருவது வழக்கம். நல்ல காலத்திலேயே அரைப்படிக்கு மேல் தேறாது. அன்று பொழுது சாய்கிற நேரம் ஒரு தோணிக்காரன் வந்து இரண்டு மரக்கால் அரிசியைக் குடிசை வாசலில் இறக்கினான்.

"உம் பொண்ணு குட்த்தனுப்பிச்சா. வேலை கெடச்சிருக்குதாம். அரிசி வந்து சேந்துச்சான்னு கேட்டுக்கினு வரச் சொன்னா."

"சேந்துச்சு, எல்லாரும் வயிறு ரொம்பத் துன்னோம்னு சொல்லுபா" என்று அங்காளம்மாள் வாயெல்லாம் பல்லாகச் சொல்லி அனுப்பினாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே இரண்டு மரக்கால் அரிசியை எவன் தூக்கிக் கொடுப்பான் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சின்னப் பையன்கள் இரண்டு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம் அது. தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியை வாயால் கவ்விக்கொள்ள வேண்டும். பறி வாயில் இருக்கும்போது பேச முடியாது. அதனால் அவர்கள் மூக்கால் முனகியே பேசிக்கொள்வார்கள். நீளமாக ஒரு முனகல் என்றால் எங்கே இருக்கிறாய் என்று கேள்வி. அதையே திருப்பி முனகினால் இங்கேதான் இருக்கிறேன் என்று பதில். குட்டையாக மூன்று முனகல் வந்தால் திருக்கை முள்ளோ பாம்போ தட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். அது காதில் விழுந்தால் என்ன ஏது என்று கேட்கக் கூடாது. உடனே கரையேறிவிட வேண்டும்.

மீன் கடையில் முதலில் விசாரித்தாள். "வந்துச்சு. எறாவை எவனும் வாங்கல. அரிசிக் கடைப்பக்கம் போச்சு" என்றாள் கருவாட்டுக்காரி. அரிசிக் கடைத்தெருவில் மூங்கில் கழியோடு ஆள் நின்றான். அவன் இவளைப் பேசவே விடவில்லை. கழியை ஓங்கிக் காட்டினான், அவ்வளவுதான்.

பஞ்சம் வந்தால் கடைத்தெரு வெறிச்சோடிவிடும் என்று நினைக்கிறவர்கள் பஞ்சத்தைப் பார்த்ததில்லை. துணிக் கடைத் தெருவில் அன்றைக்கும் பந்தல் போட்டு, கட்டம் போட்ட துணியும் பூ எழுதிய துணியும் மடிமடியாக அடுக்கியிருந்தார்கள். அங்காளம்மாள் மாதிரி ஆட்கள் பந்தல் நிழலில் ஒதுங்கக் கூடாது. வெயிலில் தெரு நடுவே நடந்தபடி ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டு போனாள். முஸ்லிம் வியாபாரிகள் இருந்த சோனகர் தெருவில் அத்தர் கடைக்காரர் ஒருவர்தான் முகம் கொடுத்துப் பேசினார். அவரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் ஊற்றினார்.

அதையும் தாண்டி, போன வருஷம் வரை வெறும் சந்தாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு கடைவரிசை முளைத்திருந்தது. பஞ்சம் போட்ட கடைகள். செம்புக் குடம், தண்டை, கதவு, தொட்டில், ஏர் என்று வீடு வீடாக விற்றுத் தின்றதெல்லாம் அங்கே வந்து குவிந்திருந்தது. அங்கே ஒரு கடையில், கயிற்றில் கோத்த விளக்குகளுக்கு நடுவே ஒரு பறி தொங்கியது.

அங்காளம்மாள் அதைப் பார்த்தாள். ஓடிப்போய் அதன் விளிம்பைத் தடவினாள். ஓலையில் பல் பதிந்த வரிசை. இடது பக்கம் ஒரு பல் மட்டும் பதியவில்லை. ஆறு வயதில் தோணி விளிம்பில் விழுந்து முத்தம்மாள் உடைத்துக்கொண்ட பல் அது.

"ஏ, தொடாத! இன்னா வேணும்?" என்றார் கடைக்காரர் சம்பந்தம்.

"சாமி, இது எம் பொண்ணுது. இது எப்டி இங்க வந்துச்சு?"

சம்பந்தம் பறியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கரையாண்ட கிடங்கு ஒண்ணு இருக்குது. கப்பலுக்கு அடிமையா ஆள் வாங்குற தரகன் கிடங்கு. உள்ள போறவங்க கையில இருக்கறத வாசல்லயே புடுங்கிக்குவானுங்க. காவக்காரன் எனக்குக் கொணாந்து போடுவான்."

"அவ வேலைக்கில்ல போனா?"

"வேலையாவது ஒண்ணாவது. ரெண்டு மரக்கா அரிசிக்குத் தன்னையே வித்துக்கிச்சு உம் பொண்ணு. காவக்காரன் சொல்லி அதிசயப்பட்டான். அரிசி வூட்டுக்குப் போய்ச் சேந்ததுன்னு சேதி வந்தாத்தான் உள்ள வருவேன்னு வாசல்லயே நின்னுக்கினு இருந்துச்சாம். தோணிக்காரன் திரும்பி வந்து, உங்கம்மா வயிறு ரொம்பத் துன்னோம்னு சொன்னாங்கன்னான். அப்பறந்தான் உள்ள போச்சாம்."

அங்காளம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக உள்ளே போன சோறு முழுக்கத் தொண்டைக்கு ஏறி வந்தது. மகளை அந்த வாசலுக்குள் தள்ளியது தரகன் கையல்ல, தான் சிரித்துச் சொல்லியனுப்பிய வார்த்தைதான் என்று அவளுக்கு விளங்கியது. அழுகைகூட வரவில்லை. தன் மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

"எடுத்துக்கினு போ" என்று சம்பந்தம் பறியை அவிழ்த்துக் கொடுத்தார். அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "கடல் தண்ணி ஏறினதும் இன்னிக்கே தோணி தள்றாங்க. கப்பல் கடல்ல நிக்குது. போறதுன்னா இப்பவே போ."

ஓடினாள். கரையில் அவளுக்கு முன்பே ஒரு கூட்டம் நின்றது. பெற்றவர்கள், கட்டினவர்கள். பெயர் சொல்லிக் கத்துகிறவர்கள் முதுகில் காவல்காரர்கள் பிரம்பால் விளாசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் வந்தால் தோணியில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. ஐந்து தோணிகள் அதற்குள் கரையை விட்டு நகர்ந்திருந்தன. உள்ளே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் துணிக் கடைத் தெருவின் கட்டம் போட்ட புதுத் துணி போர்த்தியிருந்தது. அத்தனை தலைகளும் குனிந்திருந்தன. எது தன் பிள்ளை என்று பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் கூட்டத்தை விட்டு விலகினாள். புடவையை வரிந்து கட்டினாள். பறியை வாயில் கவ்வினாள். கோரைப் புதரோரமாகத் தண்ணீரில் இறங்கி, குந்தியபடி கையால் சேற்றைத் தடவிக்கொண்டே தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வரும் கால்வாய்ப் பக்கம் நகர்ந்தாள். காவல்காரன் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறால் தடவுகிறவளை அந்த ஊரில் யார் ஒரு மனுஷியாகக் கவனித்தார்கள்? தெருவெல்லாம் அவளை அவமானப்படுத்திய அதே அலட்சியம் இப்போது அவளுக்கு வழிவிட்டது.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. இதற்கு மேல் ஆழம். அவளுக்கு நீச்சல் தெரியும். தோணியைப் பிடித்துவிடலாம். பிடித்த பிறகு என்ன என்று அவள் யோசிக்கவே இல்லை. மகளுக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். இல்லையென்றால் கூடவே போய்விடலாம்.

முதல் தோணி கடந்தது. நீளமாக முனகினாள். பதில் இல்லை. இரண்டாவது கடந்தது. மறுபடியும் முனகினாள். துடுப்புச் சத்தம்தான் கேட்டது.

மூன்றாவது தோணியிலிருந்து வந்தது. அதே நீளம், அதே இழுப்பு. இங்கேதான் இருக்கிறேன்.

கட்டம் போட்ட துணிகளுக்கு நடுவே ஒரு தலை மெல்ல நிமிர்ந்தது. அங்காளம்மாளின் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பாய்ந்தது. அந்த நிலையிலும் அது சந்தோஷம்தான். உயிரோடு இருக்கிறாள். தடவுகிற பாசாங்கைக் கைகள் தாமாகவே விட்டன. அவள் ஆழத்தை நோக்கி ஒரு அடி வைத்தாள்.

அப்போது தோணியிலிருந்து குட்டையாக ஒரு முனகல். இன்னொன்று. இன்னொன்று.

அங்காளம்மாள் நின்றாள். கேள்வி கேட்காமல் கரையேற வேண்டும். பிறந்தது முதல் அவள் அதை ஒரு நாளும் மீறியதில்லை. அக்கரையில் குடிசைக்குள் இரண்டு பையன்கள் இருந்தார்கள். பானையில் மகள் வாங்கிக் கொடுத்த அரிசி இன்னும் பாதி இருந்தது. முத்தம்மாள் எதை நினைத்து முனகினாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தோணி முகத்துவாரத்தை நோக்கித் திரும்பியது. மூன்று முனகல் மறுபடியும் வந்தது. அவசரமாக, அதட்டுகிற மாதிரி.

அவள் திரும்பிக் கரையைப் பார்த்து நடந்தாள். தண்ணீர் மார்புக்கு இறங்கி, இடுப்புக்கு இறங்கி, முழங்காலுக்கு வந்தது. கரையேறிய பிறகும் பறியை வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். மகளின் பல் பதியாமல் விட்ட அந்த இடத்தில் தன் பல்லை அழுத்திக்கொண்டு, அக்கரைக்குப் போகும் தோணித்துறைக்கு நடந்தாள்.