இடப்பக்கம் வைத்த குழாய்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அண்ணனுடைய வலக்கை விரல்களை ஐசக் தேய்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்களில் படிந்த கிரீஸ், யேசுராஜ் உயிரோடிருந்த நாளிலேயே போனதில்லை. இப்போது மட்டும் போய்விடுமா? விரல்கள் எதையோ இறுகப் பற்றியவைபோல் வளைந்து விறைத்திருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து விடியற்காலையில் வந்த உடல் அது. தாடைக்குக் கீழே தொண்டை கறுத்து அமுங்கிக் கிடந்தது.

“சட்டைப் பொத்தானை மேல வரைக்கும் போடுடா,” என்றாள் தாய் தேவமணி. “கழுத்து தெரியக்கூடாது.”

அந்த அறுபத்தெட்டாம் ஆண்டில், பாகலூர் முதல் பர்கூர் வரையில் மோட்டார் வைத்திருந்த எவரும் யேசுராஜை அறிவர். ஓடுகின்ற இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தே கோளாற்றைச் சொல்லிவிடுவான். அதே கைதான் பன்னிரண்டு நாள்களுக்கு முன் மனைவி கிருபாராணியின் இடக்கையை முறுக்கி ஒடித்தது. “படியில விழுந்துட்டாங்க ஐயரே,” என்று சபைப் போதகரிடம் சொன்னவன் ஐசக். அதற்கு முந்தைய முறை கதவு இடித்தது. அதற்கும் முந்தைய முறை மாடு முட்டியது. மூன்றும் அவன் வாயிலிருந்து வந்தவையே.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையை மடியில் கிடத்தியவாறு அவள் சுவரோரம் அமர்ந்திருந்தாள். அழவில்லை.

வாசலில் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. ஒன்றில் ஏட்டு முனிவேல். மற்றொன்றில் பேரிகைப் பண்ணையார் கிருஷ்ணப்பனின் டிரைவர் வெங்கடப்பன். பின்கட்டு ஷெட்டில் பிரிந்து கிடந்த அம்பாசடர் அவனுடைய முதலாளியின் வண்டி.

“நான் எழுதி முடிச்சாத்தான் நீங்க எடுக்கலாம்,” என்றார் ஏட்டு. “இந்த ஆளு வண்டியப் பாத்துட்டு என்னமோ கேக்குறான். எல்லாரும் ஷெட்டுக்கு வாங்க.”

ரேடியேட்டரும் முன்கிரில்லும் கழற்றப்பட்டிருந்தமையால் வண்டி பல்லிழந்த வாய்போல் நின்றது. நடுவே, இன்ஜின் தண்டின் முனையில், முந்தின நாள் யேசுராஜின் நான்கு மணி நேரச் சம்மட்டியடிக்கும் அசையாத போல்ட்டு. அதற்கு இடப்பக்கம், சிமெண்டுத் தரையில் கறை.

“கிராங்க் புல்லி போல்ட்ட ரெண்டு விதமா எடுப்பாங்க ஏட்டய்யா,” என்றான் வெங்கடப்பன். “கையில எடுக்கிறதுன்னா இன்ஜின் அசையக்கூடாது. கியர்ல போட்டு ஒருத்தர் பிரேக்க மிதிக்கணும். ஸ்பேனர்ல குழாயச் சொருகி, எடப்பக்கமா வெச்சு மேல படுத்து அமுக்கணும். அதுக்கும் மசியலன்னா ஸ்டார்ட்டரு. குழாய வலப்பக்கம் மாத்தி, வண்டிச் சட்டத்துல முட்டுக் குடுத்து, நியூட்ரல் பண்ணி ஸ்டார்ட்டர இழுத்தா இன்ஜினே போல்ட்ட இளக்கிக் குடுக்கும். ஆனா குழாய் எடப்பக்கம் இருக்கறப்ப இழுத்தா...” கையைக் கீழிருந்து மேலே வீசிக் காட்டினான். “நேரா தொண்டைக்குத்தான்.”

“இப்ப கியரு?” என்று கேட்டார் ஏட்டு.

“நியூட்ரல்ல இருக்குது. ஆளு விழுந்து கெடந்தது எடப்பக்கம். கியர எடுக்கச் சொன்னது யாரு, இழுக்கச் சொன்னது யாருன்னுதான் கேக்குறேன்.”

ஏட்டு கதவருகே நின்ற கிருபாராணியைப் பார்த்தார். “சீட்ல இருந்தது நீதானேம்மா? அவன் சொல்லி இழுத்திருந்தா இது விபத்து. சொல்லாம இழுத்திருந்தா வேற கேசு. இப்பவே உன்னைக் கூட்டிட்டுப் போகணும்.”

அவள் தரையிலிருந்த கறையைப் பார்த்தாள். ஏட்டு ஐசக்கின் பக்கம் திரும்பினார். “நீ எங்கடா இருந்தே?”

“வெளிய, போல்ட்டச் சூடாக்க ஊதுவிளக்குக்குக் காத்தடிச்சுட்டு இருந்தேன்.”

“காதுல என்ன விழுந்துச்சு?”

விழுந்தவை யாவும் ஐசக்கின் காதில் இன்னும் இருந்தன. அவனும் உள்ளே இருந்தபோதுதான் ஸ்பேனர் வழுக்கி யேசுராஜின் விரல்முட்டி கிழிந்தது. அண்ணன் அந்த ஸ்பேனரைக் கழற்றி வண்டிக்குள் வீசினான். அது பிரேக்கை மிதித்திருந்த கிருபாராணியின் கட்டுப்போட்ட கையில் போய் மோதியது. “மிதிடீ! காலைத்தானே கேட்டேன், கையையா கேட்டேன்?” என்று கத்தினான். பிறகு ஸ்பேனரைத் திரும்ப எடுத்து மாட்டியபடி ஐசக்கிடம், “கியர்லயே இருக்கட்டும். கையிலயே இன்னொரு வாட்டி பாக்கறேன். நீ போயி ஊதுவிளக்கக் கொளுத்து,” என்றான். விளக்கு இன்னும் பற்றவில்லை. ஆகவே வெளியே இரைச்சல் ஏதும் இல்லை. அண்ணன் குழாயின்மேல் நெஞ்சைக் கொடுத்து முக்குவது கேட்டது. கியர்த்தண்டு சறுக்கும் ஒலி கேட்டது. உடனே ஸ்டார்ட்டர் ஒருமுறை உறுமி அடங்கியது. இடையில் மனிதக்குரல் எதுவும் இல்லை.

“அண்ணந்தான் சொன்னாரு,” என்றான் ஐசக். “‘நியூட்ரல் பண்ணு, இழு’ன்னாரு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

“அப்ப குழாயி?” என்றான் வெங்கடப்பன்.

“மாத்தாம விட்டுட்டாரு.”

“யாரு, யேசுராஜா? நேத்து வேலைக்குச் சேந்தவன்கூட அந்தத் தப்பப் பண்ண மாட்டானேப்பா!”

“கோவத்துல இருந்தாரு. பக்கம் தப்பிப் போச்சு.”

முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. திரும்புவதற்குள் தேவமணியின் கை அவன் கன்னத்தில் இறங்கியது. இரண்டாவது அடியில் உதடு பல்லில் குத்திக் கிழிந்தது.

“எம் புள்ளைக்குப் பக்கம் தெரியாதா? ஊரே கையெடுத்துக் கும்புட்ட தொழில்காரன்டா அவன்! மண்ணுக்குள்ள போறதுக்குள்ள அவன் பேரக் கெடுக்கறியே! பொய்யின்னு சொல்லுடா!”

“பொய்யில்லம்மா.”

மூன்றாவது அடியையும் அவன் தடுக்கவில்லை. வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கினான். கிருபாராணி அவனைப் பார்க்காமல், தரையிலிருந்த கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டு பேனாவைத் திறந்தார். ‘இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு’ என்று, ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினார்.

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளும்போதே பேச்சு பரவிவிட்டது. “பக்கம் மாத்திப் போட்டானாமே, யேசுராஜு?” என்றார் லாரிக்காரர் ஒருவர். “போயும் போயும்!” என்றார் மற்றொருவர். பெட்டியின்மேல் முதல் பிடி மண்ணைப் போட்ட தேவமணி, இரண்டாவது பிடியை ஐசக்கின் முகத்தில் எறிந்தாள்.

பிற்பகலில் வெங்கடப்பன் மீண்டும் வந்தான். முதலாளி வீட்டில் திங்கட்கிழமை கல்யாணம். வண்டி வேண்டும் என்றான். ஐசக் சட்டையைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் போனான்.

குழாயைத் துடைத்தான். ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டிக் குழாயைச் சொருகி, வலப்பக்கம் திருப்பி, சட்டத்தில் முட்டுக் கொடுத்தான். ஸ்டார்ட்டரை இழுக்க ஓர் ஆள் வேண்டும். யாரையும் அவன் அழைக்கவில்லை. வண்டியின் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. கியர்த்தண்டு இப்படியும் அப்படியும் ஒருமுறை அசைந்தது.

“நியூட்ரல்தான்,” என்றாள் கிருபாராணி. அன்று அவள் பேசிய முதற்சொல் அது. “நீங்க சொன்னா இழுக்கறேன்.”

ஒன்று கேட்க வேண்டும் என்று ஐசக்குக்குத் தோன்றியது. வீங்கிய உதடு எரிந்தது. குனிந்து, குழாய் சட்டத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்த்தான், மறுபடியும் பார்த்தான். பிறகு குழாயின் நீளத்துக்கு விலகி நின்றான். திறந்திருந்த பானெட்டுக்கு அப்பால் அவள் முகம் தெரியவில்லை.

மேலும் இரண்டடி பின்வாங்கி, முதுகு சுவரில் பட்ட பின்னரே, “இழுங்க அண்ணி,” என்றான்.