நீக்கச் சொன்ன படங்கள்

பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சரோஜம்மா கையில் மல்லிகைச் சரத்தோடு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர். சௌந்தரத்தைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பச்சைப் பட்டு கட்டியதெல்லாம் அவர்தான். புருஷன் இருக்கும்போதே போனவளைத் தலை நிறையப் பூ வைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் சௌந்தரத்தின் தலையில் பூவைச் செருக ஒரு முடிகூட இல்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் ஏற்றிய மருந்து எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டிருந்தது.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் சுமா.

அம்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, பட்டின் முந்தானையை மெல்ல இழுத்து நெற்றி விளிம்பு வரை கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் மடித்துச் செருகினாள். அதன் மேல் பூச்சரத்தை வளைத்து வைத்தாள். நழுவிய இடத்தில் ஒரு ஊக்கு குத்தினாள். எழுந்து நின்று காலடியிலிருந்து ஒரு தடவை பார்த்தாள்.

“தெரியுதா?”

“ஒண்ணும் தெரியல. மகாலட்சுமி மாதிரி இருக்கா,” என்றார் சரோஜம்மா.

வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து விடியற்காலையிலேயே வந்துவிட்ட அண்ணன் நரேஷ், வாசற்படியில் நின்று கூப்பிட்டான். “சுமா, உதய் வந்திருக்கான். பேனருக்கு போட்டோ வேணுமாம்.”

கடைத்தெருவில் இவர்களுடைய பாத்திரக் கடைக்கு எதிரில் உதய் பேனர் அடிக்கிற கடை வைத்திருந்தான். வேறு வீடாக இருந்தால் போனிலேயே கேட்டிருப்பான். இங்கே பைக்கில் நேராக வந்துவிட்டான்.

“அக்கா, வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாதீங்க. பெருசு பண்ணா மூஞ்சி கலங்கிடும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க.”

சுமா தன் போனைத் திறந்தாள். போட்டோ ஆப்பில் ‘அம்மா’ என்று ஒரு தனி ஆல்பம் வைத்திருந்தாள். கடையில் எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் அம்மா. பூதிகோட்டையில் சித்தி வீட்டுக் கிணற்றடியில் அம்மா. நரேஷ் கல்யாணத்தில் பெரிய பொட்டும் ஜடை நிறையக் கனகாம்பரமுமாக அம்மா. எல்லாம் வியாதிக்கு முந்தியவை. பிந்தியது ஒன்றும் அதில் இல்லை.

“அந்தக் கல்யாண போட்டோதான்,” என்றான் நரேஷ் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து.

“அது வேணாம்.”

சொன்னது அப்பா. உள்ளே சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாராயணசாமி எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. தன் போனைக் கையில் வைத்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது.

“போன வாரம் ஒண்ணு எடுத்தேன் நான். கொல்லப்பக்கத்து வாசல்ல குந்திக்கினு மோர் குடிச்சிக்கினு இருந்தா. நல்லா வந்திருந்திச்சி. அதான் போடணும்.”

“எங்கப்பா அது?” என்றான் நரேஷ்.

“அதான் காணோம். காலைலேந்து தேடறேன். அது மட்டும் இல்ல, இந்த ஆறு மாசமா எடுத்தது ஒண்ணும் இல்ல.” போனைத் தள்ளிக்கொண்டே போனார். கடைச் சரக்கின் படங்கள், லாரி ரசீதுகள், விலை ஒட்டிய குக்கர்கள், யாரோ கேட்ட அண்டாவின் அடிப்பாகம் என்று ஓடிக்கொண்டே இருந்தன. “நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன். இந்தக் கைக்கு இன்னா தெரியும்.”

சுமா தன் போனின் திரையை அணைத்தாள்.

“அப்பா, அப்புறம் பாத்துக்கலாம். ஜனங்க வராங்க, போன உள்ள வைங்க,” என்றான் நரேஷ் தாழ்ந்த குரலில்.

அவர் உதயிடம் திரும்பினார். “ஏம்பா, போன போட்டோவ திருப்பிக் கொண்டாற முடியுமா?”

“டெலீட் ஆனாலும் ஒரு மாசம் வரைக்கும் டிராஷ்ல இருக்கும் அங்கிள். குடுங்க, பாத்துரலாம்.” உதய் கையை நீட்டினான்.

அப்பாவின் போனுக்குப் பூட்டே கிடையாது. கடையில் யார் வேண்டுமானாலும் எடுத்து யாரிடம் வேண்டுமானாலும் பேசுவார்கள். உதய் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அவன் பின்னால் நரேஷின் மனைவி வீட்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

சுமா உதயின் கைக்கு முன்னால் தன் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். “நான் பாக்கறேன்.”

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சும்மா மேலும் கீழும் தள்ளினாள். டிராஷைத் திறக்கிற குப்பைத்தொட்டிக் குறியை அவள் தொடவே இல்லை.

“இல்லப்பா. அங்கயும் இல்ல. போயிடுச்சு.”

நாராயணசாமி தலையை ஆட்டினார். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை மடியில் மல்லாக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

முடி கொட்டத் தொடங்கிய மாதத்தில் அம்மா அதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் சுமா கோரமண்டல் ஸ்டேஷனில் வேலைக்குப் போகக் காலை ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். அம்மாவோடு பேசக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

“உங்கப்பா என்ன போட்டோ எட்த்துக்கினே இருக்காரு. தூங்கினா எடுக்கறாரு, துன்னா எடுக்கறாரு. வேணான்னா சிரிக்கிறாரு. நீ அதெல்லாம் போன்லேந்து அழிச்சிடு.”

“ஏம்மா, ஆசையா எடுக்கறாரு.”

“இந்த மொட்டத் தலையோட என்ன யாரும் பாக்கக் கூடாது. நான் போனப்புறமும் பாக்கக் கூடாது. நீ சொல்லாத அவர்கிட்ட. மனசு கஷ்டப்படுவாரு.”

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சுமா அப்பாவின் போனைக் கேட்டு வாங்குவாள். ‘ஸ்டோரேஜ் ஃபுல்லாயிடுச்சிப்பா, கிளீன் பண்றேன்’ என்பாள். கடைப் படங்களுக்கு நடுவில் அம்மாவின் படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக வரும். ஒவ்வொன்றாகத் தொட்டு, டிக் விழுந்ததும் மொத்தமாக நீக்கிவிடுவாள். பெரிதாக்கிப் பார்த்ததில்லை. பார்த்தால் முடியாது என்று தெரியும். அம்மா ஒருக்களித்துப் படுத்தபடி கேட்பாள்.

“போச்சா?”

“போச்சும்மா.”

அம்மா கண்ணை மூடிக்கொள்வாள்.

நீக்கியவை உடனே போவதில்லை, தொட்டியில் போய் உட்கார்ந்திருக்கும், நாளானால்தான் தானாகவே அழியும் என்பதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. தொட்டியை ஒரேயடியாகக் காலி செய்கிற பொத்தானும் இருந்தது. அதை அழுத்த மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

*

மத்தியானம் பேனர் வந்தது. கனகாம்பர ஜடையும் பட்டுமாக, பார்க்கிறவர்களை எல்லாம் வரவேற்பதுபோல் சௌந்தரம் வாசலில் நின்றாள். மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண் மேட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பி, வெள்ளைத் தூசி தெருவெல்லாம் பரவியபோது பேனர் படபடத்தது. ஒரு பையன் நான்கு மூலையிலும் கல் கட்டினான். வந்தவர்கள் பேனரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே முந்தானை மூடிய முகத்தைப் பார்த்ததும் சிலர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள்.

சுமா அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துத் துக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார். கூட்டம் கொஞ்சம் விலகினால் போனை எடுத்துப் பார்ப்பார். உடனே பைக்குள் போட்டுவிடுவார். ஒரு தடவை கடைக்காரர் ஒருவரிடம் அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. “வயசாயிடுச்சிங்க. என்கிட்ட குடுத்தது எதுவும் நிக்கல.”

வெயில் தாழ்ந்ததும் எடுத்தார்கள். நரேஷ் சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். சரோஜம்மா வீட்டைக் கழுவிவிடச் சொன்னார். சுமா துடைப்பத்தை எடுத்தாள். தண்ணீர் கூடத்திலிருந்து வாசலுக்கு ஓடியது. ஓடி முடிந்த பிறகும் அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

மேசை மேல் அப்பா விட்டுப்போன போன் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அண்ணி ஷில்பா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சுமா கொல்லைப்பக்கத்து வாசலுக்கு வந்து உட்கார்ந்து, குப்பைத்தொட்டியைத் திறந்தாள்.

முதல் மாதங்களுடையவை போய்விட்டிருந்தன. கடைசி சில வாரங்கள்தான் மிச்சம். இப்போது ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அம்மாவின் உள்ளங்கை மட்டும், படம் முழுக்க. கை, மறுபடியும் கை, விரல் இடுக்கில் ஒரு கண். போர்வையை இழுத்து முகத்தை மூடியிருக்கிறாள். தலைக்குத் துண்டு சுற்றப் போய் பாதியில் அகப்பட்டிருக்கிறாள்.

பிறகு அந்த மோர்ப் படம். இதே வாசற்படி. தலை மேல் ஒன்றுமில்லை, சாயங்கால வெயில்தான். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மேலுதட்டில் மோர் ஒட்டியிருந்தது. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், படம் எடுக்கிறவரை.

சுமா வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

*

சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் பின்பக்கக் குழாயடியில் குளித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக முன்பக்கம் போன பிறகு நாராயணசாமி கடைசியாகக் குளித்தார். ஈரத் துண்டோடு படியில் வந்து உட்கார்ந்தார். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அப்பா.”

“இன்னாம்மா.”

“நீங்க ஒண்ணும் தப்பா அமுக்கல. நான்தான் போட்டோவெல்லாம் அழிச்சேன். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம. அம்மாதான் அழிக்கச் சொல்லிச்சு.”

அவர் துண்டால் காதைத் துடைப்பதை நிறுத்தினார்.

“எப்ப சொன்னா?”

“முடி கொட்னப்ப. யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. உங்ககிட்ட சொல்லவும் வேணான்னு சொல்லிச்சு. காலைல உதய் முன்னாடி வேற வழி தெரியல, இல்லன்னு பொய் சொல்ட்டேன்.”

அவர் உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

“கையால மறைப்பா,” என்றார். “வெக்கத்துல மறைக்கிறான்னு நான் நெனச்சிக்கினேன். கல்யாணம் ஆனப்பவும் அப்படித்தான் மறைப்பா.” ஈரத் துண்டை மடித்து மடியில் வைத்தார். “காலைல எடுத்தத கடைல குந்திக்கினு இருக்கும்போது பாப்பேன். வூட்டுக்கு வரதுக்குள்ள இன்னும் இளைச்சிடுவாளோன்னு பயமா இருக்கும்.”

சுமா போனை அவர் கையில் கொடுத்தாள். “இன்னும் கொஞ்சம் இருக்கு.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகு. உள்ளங்கை. விரல் இடுக்கில் கண். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்று, அடுத்ததற்குப் போனார். மோர்ப் படம் வந்ததும் நின்றுவிட்டார். திரை மங்கியபோது தொட்டு வெளிச்சமாக்கினார். மறுபடி மங்கியது. மறுபடி தொட்டார்.

“யாரும் பாக்கக் கூடாதுன்னா,” என்றார், “அதுல நானும் சேத்தியாம்மா?”

“தெரியலப்பா.”

“இதுல மறைக்கல பாரு.”

“ஆமா.”

“மத்ததெல்லாம் போவட்டும். வேணான்னு கை காட்னது எனக்கு வேணாம். அவ சொன்ன மாதிரியே போவட்டும். இது ஒண்ண மட்டும் யார் கண்ணுலயும் படாம வெக்க முடியுமா? நரேஷு கண்ணுல கூட. கடைப் பசங்க எடுத்துத் தள்ளுவாங்க.”

“பூட்டி வெக்கலாம்பா. உங்க வெரல வெச்சாதான் தொறக்கும்.”

அவள் அந்தப் படத்தை மட்டும் தொட்டியிலிருந்து மீட்டாள். மற்றவற்றை இருந்த இடத்திலேயே விட்டாள். போனுக்குப் பூட்டு வைக்க, முதலில் ஓர் எண் கேட்டது. அவரிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நிதானமாக அழுத்தினார். அடுத்து விரலைக் கேட்டது.

கட்டைவிரலை வைத்தார். போனுக்கு ரேகை பிடிபடவில்லை. அழுத்தி வைத்தார். அப்போதும் பிடிபடவில்லை.

“ஈரமா இருக்குப்பா.”

சுமா அவர் கையைப் பிடித்துத் தன் துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். வெகுநேரம் தண்ணீரில் நின்றதில் விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். முன்பக்கத்திலிருந்து நரேஷ் சாப்பிடக் கூப்பிட்டான். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“இப்ப வைங்க,” என்றாள். அவர் வைத்தார். விரலை எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னது போன். எடுத்தார், மறுபடி வைத்தார்.