அமிலத்துக்குப் பொங்காத கல்

டமார் என்று விழுந்த சத்தத்தில் ஜெயகௌரியின் மேசையில் இருந்த தேநீர் தளும்பிச் சிந்தியது. கந்தோரின் சீமெந்துத் தரையில் ஒரு கரிய கல் கிடந்தது. அதன் நடுவில் நீல நைலோன் கயிறு இறுகியிருந்தது.

"மன்னியுங்கோ மிஸ், கை வழுக்கிப்போச்சு. காலிலை விழாமல் அந்தோனியார் காப்பாத்தினவர்" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

அவருடன் வந்த மாக்கிறட் கதிரையில் அமர்ந்தாள். அவருடைய தம்பி றொபேட்டின் மனைவி அவள். ஐந்து மாதத்துக்கு முன், தீவுக் கரையில் உள்ள தங்கள் ஊரான தாழ்வுபாட்டிலிருந்து தனியாகக் கடலுக்குப் போன றொபேட் திரும்பவில்லை. படகும் அகப்படவில்லை. முந்தநாள் யாரோ ஒருவரின் வலையில் இந்தக் கல் ஏறியிருந்தது.

குழாய்க்கிணறு துளைக்கும்போது வரும் பாறைகளை இனம் பிரிப்பது ஜெயகௌரியின் வேலை. நங்கூரக் கல்லோடு இதுவரை யாரும் வந்ததில்லை.

"றொபேட்டின்ரை கல்லு எண்டு ஊரிலை கதைக்கிறாங்கள். அவன் செத்திட்டான் எண்டு ஆத்துமப் பூசை குடுத்து முடியுங்கோ எண்டும் சொல்லுறாங்கள். எங்கடை ஆக்கள் நங்கூரத்துக்குக் கட்டுறது கடலிலை எடுக்கிற முருகைக்கல்லு. இது எங்கடை கல்லே? மிஸ்ஸிட்டைக் காட்டுவம் எண்டு இவள்தான் சொன்னவள்."

ஜெயகௌரி கல்லின் ஓரத்தில் அமிலம் ஒரு துளி விட்டாள்.

"கல்லுக்கும் ரத்தப் பரிசோதனையோ?" என்று சிரித்தார் பஸ்தியாம்பிள்ளை.

துளி அப்படியே கிடந்தது. மாக்கிறட் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முருகைக்கல்லு, சுண்ணாம்புக்கல்லு எண்டால் உடனை நுரைச்சுப் பொங்கும். எங்கடை இந்தத் தீவிலை இருக்கிறதெல்லாம் கடலடியிலை படிஞ்சு இறுகின அடையற்பாறைதான். எரிமலைக் குழம்பு ஆறினால் தீப்பாறை. இது அந்த ரண்டும் இல்லை. வரி வரியா இருக்கு, பாருங்கோ. நிலத்துக்கு அடியிலை வெக்கையிலும் அமுக்கத்திலும் மாறின உருமாறிய பாறை."

"அப்ப எங்கடை இல்லை!"

"தீவிலை இல்லை ஐயா. அங்காலை பெருநிலத்திலை மடுப் பக்கம் இருக்கு. இந்தியாவிலையும் இருக்கு. எங்கத்தையது எண்டு என்னாலை சொல்ல ஏலாது." கல்லைப் புரட்டினாள். மறுபக்கம் வழவழப்பாக, நடுவில் சற்றுக் குழிந்திருந்தது. "அரைச்சுத் தேய்ஞ்ச பக்கம். பாதியா உடைஞ்ச அம்மி இது."

பஸ்தியாம்பிள்ளை தொடையில் தட்டினார். "அம்மியைக் கடலிலை போட எங்கடை ஊர்ப் பெண்டுகள் விடுவாளவையே! கரைக்கு வர உலக்கையோடை நிப்பாளவை. இது இந்தியாப் படகு ஒண்டின்ரை. கேட்டியே மாக்கிறட், றொபேட்டின்ரை இல்லை!"

"ம்" என்றாள் அவள்.

"பங்குத்தந்தைக்குப் பூசை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாறன்." கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். முற்றத்தில் அவர் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"இனி யோசிக்காதேங்கோ அக்கா. ஒரு தண்ணி தரட்டே?"

மாக்கிறட் வேண்டாம் என்று தலையசைத்தாள். குனிந்து கல்லின் குழிந்த பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இந்தியாவிலை அகதி முகாமிலை இருந்து வரேக்கை கொண்டுவந்த என்ரை அம்மி மிஸ் இது, உடைஞ்ச பாதியை நங்கூரத்துக்கு நான்தான் தூக்கிக் குடுத்தனான், வெளியிலை நிக்கிற அத்தானுக்கு நீங்களே சொல்லுங்கோ, எனக்கு வாய் வருகுதில்லை."