வராத இயந்திரத்துக்கு ஒரு முன்னறிவிப்பு

'டமார்!'

பிஸ்கட் வெட்டும் இயந்திரம் கடைசியாக ஒருமுறை இருமியது. பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு பல்சக்கரத்தைத் துப்பிவிட்டு அடங்கியது.

"அவ்வளவுதான் மொதலாளி. இனிமே பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்றார் மேஸ்திரி.

பேக்கரிக்காரருக்கு இது முன்பே தெரிந்ததுதான். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பழைய இயந்திரத்துக்கு மூன்று வாரமாகப் பேரம் பேசிவந்தார். படிகிற நேரத்தில், இதே ஊர்க்காரர் யாரோ குறுக்கே விழுந்தார். இவர் நூறு டாலர் ஏற்றினால் அந்த ஆள் இருநூறு ஏற்றினார். விலை படியட்டும் என்று, இவர் வீட்டில்கூட மூச்சு விடவில்லை. இன்று விற்பவன் கறாராக எழுதிவிட்டான்: யாருடைய முன்பணம் முதலில் வருகிறதோ, அவருக்கே இயந்திரம்.

மாவு ஒட்டிய சட்டையோடு வங்கிக்கு ஓடினார்.

"சுங்கத்துறைக்கு முன்னறிவிப்பு குடுத்தீங்களா?" என்றார் மேனேஜர். "அவங்க சீல் வச்ச காப்பி இல்லாம முன்பணம் அனுப்ப முடியாது சார்."

"பொருளே வரல, அதுக்குள்ள எதுக்கு சார் அறிவிப்பு?"

"பணம் போயி, பொருள் வராமலே இருந்துட்டா? அதுக்குத்தான். மூணு மணிக்குள்ள வாங்க."

சுங்க அலுவலகம் நாலாவது மாடி. லிஃப்ட் வழக்கம்போல ஓய்வில் இருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது பேக்கரிக்காரருக்கு நாக்கு வெளியே தள்ளியது. கவுன்ட்டரில் இருந்த அதிகாரி அம்மா படிவத்தை வாங்கினார்.

"என்ன பொருள்?"

"வெட்டுற மெஷின் மேடம்."

அதிகாரி நிமிர்ந்தார். "எதை வெட்டும்?"

"பிஸ்கட்டைத்தான் மேடம். ஆளை ஒண்ணும் பண்ணாது."

அதிகாரி இயந்திரத்தின் எண்ணைக் கணினியில் தட்டினார். புருவம் உயர்ந்தது.

"இதே நம்பருக்குப் பத்தரைக்கே ஒரு அறிவிப்பு வந்திருக்கே. ஒரே மெஷினுக்கு ரெண்டு பேரு எப்படிப் பணம் அனுப்புவீங்க?"

பேக்கரிக்காரர் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "யாரு மேடம் அந்தப் பாவி? பேரை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்!"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது." அதிகாரி திரையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டு மாடியில யாராவது வாடகைக்கு இருக்காங்களா?"

"மாடியே இல்லையே மேடம். ஏன்?"

"ரெண்டு அறிவிப்புலயும் வீட்டு விலாசம் ஒண்ணுதான்."

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். பிஸ்கட் விற்கும் கடை இரண்டு தெரு தள்ளி, மனைவியின் பெயரில் தனி உரிமத்தோடு நடக்கிறது. பேக்கரிக்காரர் செல்போனில் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா... எங்க இருக்கே?"

"பேங்க்ல, வரிசையில நிக்கிறேன். அந்த ஓட்டை மெஷினைக் கட்டிக்கிட்டு நீங்க பாட்டுக்கு அசையாம இருந்தா? நல்லதா ஒண்ணு வெளிநாட்டுல புடிச்சு வச்சிருக்கேங்க. யாரோ ஒரு கிறுக்கன் போட்டிக்கு வந்து வெலைய ஏத்திக்கிட்டே போனான், நானும் விடலையே!"